காவலூர் வானாய்வகத்துக்கும் சென்னைக் கோளரங்கத்துக்கும் அரசுப் பள்ளி மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ஆலங்காயம் ஒன்றியம்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பத்தூர்.

பொருள்: 9ஆம் வகுப்பு மாணவ மாணவியரை ஆண்டுக்கு ஒருமுறை காவலூர் வானாய்வகத்தில் இரவு வானம் பார்க்கவும், ஒருமுறை சென்னைக் கோளரங்கத்துக்கும் அழைத்துச் செல்ல நிரந்தர ஆணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலைச்சாலையில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் வைணு பாப்பு வானாய்வகம் அங்குதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘அண்டம்’ என்று ஒரு பாடம் உண்டு. கெப்ளர் விதிகள், கோள்கள், விண்மீன் மண்டலங்கள், சர்வதேச விண்வெளி நிலையம் எல்லாம் அதில் வருகின்றன. எங்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் தொலைநோக்கி வழியாக ஒருமுறைகூட வானத்தைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள். இந்தக் குறையைத் தீர்க்கத் தங்களால் முடியும் என்று நம்பி இந்த மனுவைக் கொடுக்கிறோம்.

காவலூரின் சிறப்பு தாங்கள் அறியாததல்ல. இருந்தாலும் எங்கள் ஏக்கம் புரிவதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்னிந்தியாவில் வானம் தெளிவாக இருக்கும் இடத்தைத் தேடி வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் உயரம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும் பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி இங்கே நிறுவப்பட்டது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தத் தொலைநோக்கியிலும் அந்த மறைப்பை அளந்தார்கள். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த 1977 மார்ச் 10 அன்றும் காவலூர்த் தொலைநோக்கி விழித்திருந்தது. 1988 பிப்ரவரியில் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள். 4130 இராமானுஜன் என்ற அந்தச் சிறுகோள் இன்றும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இதே மலையில் 1986 ஜனவரி 6 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அன்றைய பிரதமர் இராஜீவ் காந்தி இங்கு வந்து, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இவ்வளவும் எங்கள் ஊர் மலையில் நடந்தவை. ஆனால் எங்கள் பிள்ளைகளைக் கேட்டால், கீழே சாலையில் நிற்கும் பெயர்ப் பலகையைப் பார்த்ததோடு சரி என்பார்கள்.

பகலில் பேருந்தில் கூட்டிப்போய், வெள்ளைக் குவிமாடத்தைக் காட்டி, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவது போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வானாய்வகத்துக்குப் போகிறவர்கள் இரவில்தான் போக வேண்டும். சனிக்கிழமைகளில் பொதுமக்களைப் பார்வையாளர்களாக அனுமதித்து, மேகமில்லாத இரவுகளில் சிறிய தொலைநோக்கி வழியாக வானத்தைக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. வெளியூர்களிலிருந்து காரில் வரும் குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போகின்றன. சொந்தமாகக் கார் இல்லாத எங்களுக்கு, இரவில் மலையிலிருந்து இறங்க வண்டி கிடையாது. தடை இந்த ஒன்றுதான்.

நாளும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையை மூடிவிடும். தை, மாசியில்தான் வானம் துடைத்ததுபோல் இருக்கும். முழுநிலவு நாளில் போய்ப் பயனில்லை. ஒளி நேராக விழுவதால் நிலவில் நிழலே இருக்காது, மங்கலான விண்மீன்களும் மறைந்துவிடும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை சரியாக இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே நிலவின் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு எழுந்து தெரியும். புதிய காரியம் தொடங்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அஷ்டமியில் யோசிப்பார்கள். இந்தக் காரியத்துக்கு அஷ்டமிதான் உகந்த நாள். தை, மாசியில் முன்னிரவிலேயே கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திரங்களும் தலைக்கு மேல் நிற்கும். தெற்கே தாழ்வாக அகத்தியர் விண்மீன் தெரியும். ‘உன் நட்சத்திரம் திருவாதிரை’ என்று வீட்டில் கேட்டே வளர்ந்த பெண், அந்தச் செந்நிற விண்மீனைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது நம் சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலமானது என்று பக்கத்தில் நிற்கும் வானியலாளர் சொல்ல, அவள் கேட்க வேண்டும். அதன் பிறகு அவள் கேட்கும் கேள்விகளுக்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாமல் போகலாம். அப்படிக் கேட்கட்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் இதற்காகப் பெரிதும் முயன்றார். தலைமையாசிரியர் கடிதம் கொடுத்தார். பெற்றோர்கள் ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மேலே போன கோப்பு ஓர் அலுவலகத்தில் நின்றுவிட்டது. “இரவில் மாணவிகளைக் கூட்டிப்போனால் யார் பொறுப்பு?” என்று வாய்மொழியாகக் கேட்டார்கள், எழுத்தில் எந்தப் பதிலும் வரவில்லை. தை போய், மாசி போய், முழு ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்த ஆசிரியரும் மாறுதலில் போய்விட்டார். அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளியை முடித்துவிட்டார்கள். அவர்களில் பலர் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானதுதான், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்ற எங்களைவிட அந்தக் கவலை யாருக்கு அதிகம்? ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று விட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் ஆண் பிள்ளைகள் மட்டும் போவார்கள், அல்லது யாருமே போக மாட்டார்கள். பதிலை நாங்களே சொல்கிறோம். மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்கள் பேருந்துக்கு இருவர் வீதம் உடன் வருவோம். பெண் ஆசிரியர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கிராமச் செவிலியர் ஒருவரை அனுப்பினால் எங்களுக்கு இன்னும் தைரியம். அந்த மலைச்சாலையில் அன்றாடம் பேருந்து ஓட்டும் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநரையே அன்றிரவும் அனுப்பித் தர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்குத்தான் பழக்கம். வாடகை வண்டியில் புது ஓட்டுநரை நம்பி இரவில் பிள்ளைகளை மலையிறக்க எங்களுக்கு மனம் வராது. காவல் துறைக்கும் வனத் துறைக்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டால், இரவு பதினொரு மணிக்குள் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டு வாசலில் இருப்பார்கள்.

சென்னைக்கும் ஒரு பயணம் கேட்கிறோம். கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் வளாகத்தில் பி.எம். பிர்லா கோளரங்கம் 1988 முதல் இயங்குகிறது. தமிழிலேயே காட்சிகள் உண்டு. மேகம் வந்தாலும் மழை வந்தாலும் அங்கே வானம் தெரியும், ஓர் ஆண்டு முழுதும் விண்மீன்கள் நகர்வதைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டிவிடுவார்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஆவணி, புரட்டாசியில் கோளரங்கம் பார்த்துவிட்டால், தை மாதம் காவலூரில் எதை எங்கே தேட வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். பக்கத்து அரங்குகளில் கையால் இயக்கிப் பார்க்கும் அறிவியல் கருவிகளும் இருக்கின்றன. போக்குவரத்தும் கடினமில்லை. ஏலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் ஜோலார்பேட்டையில் புறப்பட்டு, மாலையில் சென்ட்ரலிலிருந்து திரும்புகிறது. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலா செல்ல, இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை ரயில்வே விதிகளில் உண்டு. விண்ணப்பத்தைச் சரியான படிவத்தில், சரியான நேரத்தில் கொடுக்க ஒரு அலுவலர் இருந்தால் போதும்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு என்று தாங்கள் கேட்கலாம். அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்க 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம், எங்கள் சிறு பிள்ளைகள் அதனால் பயனடைகிறார்கள். ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைதான். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் பொதுத் தேர்வைத் தவிர வேறெதையும் பேச விடமாட்டார்கள். பதினொன்றில் அறிவியல் எடுப்பதா, வேண்டாமா என்ற முடிவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனதில் விழுகிறது. எங்கள் ஊரில் அந்த முடிவு பெரும்பாலும் மதிப்பெண்ணையும் வீட்டு வருமானத்தையும் பார்த்தே எடுக்கப்படுகிறது. பிள்ளையின் விருப்பமும் அதில் ஒரு கணக்காக வர வேண்டுமானால், விரும்புவதற்கு எதையாவது அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

மலைமேல் இருக்கும் பிள்ளைகளின் நிலை இதைவிட வருத்தத்துக்குரியது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு பகுதிகளில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிப்பவர்கள் அதே மலையில் பிறந்தவர்கள். அந்தப் பள்ளிகள் வேறு துறையின் கீழ் வருவதால், பள்ளிக் கல்வித் துறை போடும் சுற்றறிக்கை அவர்களைச் சென்று சேராமல் போகலாம். தங்கள் ஆணையில் இரு துறைப் பள்ளிகளின் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் பேருந்து அந்தப் பிள்ளைகளுக்கே போகட்டும், எங்கள் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமை போனால் போதும்.

லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் இதே வானியற்பியல் நிறுவனத்துக்கு இன்னொரு வானாய்வகம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியை 2022இல் இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தின் இருட்டைக் காக்கும் இடமாக, அறிவித்தார்கள். அந்த ஊர் மக்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியளித்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்ட வைத்திருக்கிறார்கள். நம் மலையிலும் பட்டம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நிறுவனத்தின் மூலம் பயிற்சி கொடுத்தால், ஆண்டுதோறும் வரும் மாணவர் குழுக்களுக்கு அவர்களே வழிகாட்டுவார்கள், வானியலாளர்களின் வேலையும் கெடாது. இதோடு இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஆலங்காயம் முதல் மலைச்சாலை வரை புதிதாகப் போடும் எல்.இ.டி. தெருவிளக்குகள் பல இடங்களில் மேல்நோக்கியும் வெளிச்சம் சிந்துகின்றன. வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி பொருத்தச் சொன்னால் சாலையும் தெளிவாகத் தெரியும், வானமும் இருட்டாக இருக்கும். எங்கள் பேரப் பிள்ளைகள் வரும்போதும் காவலூரில் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டும்.

நிதி ஒரு தடையாக இருக்காது என்றே நினைக்கிறோம். பள்ளி மாணவர்களிடம் அறிவியல் ஆர்வத்தை வளர்க்கும் மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான் திட்டத்தில் அறிவியல் கல்விப் பயணங்களுக்கு இடம் உண்டு. அது போதாத ஆண்டில், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக நம் மாவட்டத் தோல் பொருள் நிறுவனங்களிடம் தாங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் குடும்பத்தினர்தான். எதுவானாலும் பிள்ளைகளிடம் பணம் வசூலிக்கக் கூடாது. முந்நூறு ரூபாய் என்றாலும், அதைக் கொடுக்க முடியாத பிள்ளை அன்று வயிற்று வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும்.

எனவே, தாங்கள் அருள்கூர்ந்து, முதன்மைக் கல்வி அலுவலர் மூலம் மாவட்டத்தின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பொருந்தும் ஒரே நிரந்தர ஆணையைப் பிறப்பிக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் தனித்தனியாக அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிலை அதனால் நீங்கும். தை, மாசி மாதச் சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளிக்கு எந்த நாள் என்ற பட்டியலைக் கல்வியாண்டு தொடக்கத்திலேயே வெளியிடும்படியும், அதற்காக பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவன இயக்குநருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்தே கடிதம் அனுப்பும்படியும் வேண்டுகிறோம். சென்னைக் கோளரங்கத்தில் நம் மாவட்ட மாணவர்களுக்குக் கட்டண விலக்குப் பெற்றுத்தர வேண்டுகிறோம். மேகம் மூடி ஒரு சனிக்கிழமை வீணானால், அந்தப் பள்ளிக்கு அதே பருவத்தில் மாற்று நாள் ஒதுக்கவும் ஆணையில் இடம் இருக்க வேண்டும்.

இந்த மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தால், அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துவோம். நேரில் அழைத்தால் எந்தத் திங்கட்கிழமையும் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், உறுப்பினர்கள் மற்றும் பெற்றோர்கள்

இணைப்பு: பெற்றோர்களின் கையெழுத்துப் படிவங்கள்; உடன் வர ஒப்புக்கொண்ட தாய்மார்களின் பட்டியல்.

நகல்:
முதன்மைக் கல்வி அலுவலர், திருப்பத்தூர்.
மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர், திருப்பத்தூர்.