குப்பை போடப் போனாலும் சாவியை எடுத்துக்கொள்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. குப்பைப் பையை வைத்துவிட்டு வர நாலு எட்டு வெளியே போனவன், கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டதால் இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று நீ சொன்னதும் எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன்னால் நாங்களும் இப்போது உன்னைப் போலவே ஒரு வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டினோம். அப்பா தன் அலாரம் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கூடவே கொண்டுவந்தார். சிவப்பு எண்கள் எரியுமே, சுவரில் பிளக் போடுகிற வகை, அதுதான். இங்கே 230 வோல்ட், அங்கே 120. அது தெரிந்துதான் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு நேரத்தைச் சரியாக வைத்து, ஆறு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தார். அலாரம் அடித்தது, குளித்தார், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் ஈ காக்கை இல்லை. அலாரம் அடித்தபோது உண்மையில் மணி நாலு நாற்பதுதான்!

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஓடியிருந்தது. அந்தக் கடிகாரம் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டுமாம். இங்கே வினாடிக்கு 50 துடிப்பு, அங்கே 60. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், துடிப்பை மாற்றாது. ஒரு இன்ஜினியர் இதைக் கண்டுபிடிக்க மூன்று விடியற்காலைகள் ஆயின. அதனால் நீ படிக்கட்டில் உட்கார்ந்ததெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை.

உன் சாமான்களுக்கும் இது பொருந்தும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தைப் படித்துப் பார். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பிளக்குக்கு அடாப்டர் மட்டும் போதும். தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேறுகிற சாமான்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வோல்ட் அளவுதான் போட்டிருக்கும். அதை அங்கே செருகாதே. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வேறு எதையும் மாற்றாது.

பேங்க் விஷயத்துக்கு வருகிறேன். கணக்குத் தொடங்க முகவரிச் சான்று கேட்கிறார்கள், வீட்டுக்காரர் வாடகைக்குப் பேங்க் கணக்கு கேட்கிறார், கரண்ட் பில் உன் பேரில் வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று அலுத்துக்கொண்டாய். இந்த வட்டத்துக்குள் எல்லோரும்தான் மாட்டுகிறார்கள். கையெழுத்தான வாடகை ஒப்பந்தம், இல்லாவிட்டால் ஆபீஸிலிருந்து உன் முகவரி போட்ட ஒரு கடிதம், இவற்றில் எதை ஏற்பார்கள் என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு அப்புறம் போ. கேட்காமல் போய் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் அரை நாள் போச்சு. ஒரு நாளைக்கு ஒரு வேலை முடிந்தாலே முதல் மாதத்தில் அது நல்ல நாள். நான் அப்போது அப்படித்தான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, உன் பழைய போன் நம்பரை விட்டுவிடாதே. இங்கிருக்கிற பேங்க்கிலிருந்து ஓடிபி அதற்குத்தான் வரும்.

ராத்திரியில் எங்கேயோ ஒரு பறவை கீச் கீச் என்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஒன்றையும் காணோம் என்றாயே, அது பறவை இல்லை. கூரையில் வட்டமாக வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும், புகை அலாரம். பேட்டரி தீரப்போகிறது என்று சொல்கிறது. குளிர்ந்தால் பேட்டரி இன்னும் சோர்ந்துபோகும், அதனால்தான் வீடு சில்லிட்டுக் கிடக்கிற விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. தூக்கம் கெடுகிறதென்று கழற்றி அலமாரியில் போட்டுவிடாதே. எத்தனையோ பேர் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாற்காலி போட்டு ஏறிப் பேட்டரியை மாற்று. பேட்டரி கழற்ற முடியாத வகை என்றால் வீட்டுக்காரரிடம் சொல், முழுசாக மாற்றித் தருவார்.

கெட்டிலில் வெள்ளையாகப் படிவது தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பு. சோப்பு நுரைக்காததற்கும் அதுவே காரணம், பயப்பட ஒன்றுமில்லை. அடுப்பு சூடாகவில்லை என்று நீ திட்டியது, அது இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால், பாத்திரத்தின் குற்றம். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் வேலைக்கு ஆகாது.

பெட்டிகளையெல்லாம் பிரித்து அடுக்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். சுவரில் கீறல், தரையில் கறை, உடைந்த கைப்பிடி, கரண்ட் மீட்டரின் எண் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்கே மெயில் அனுப்பு. காலி செய்கிற அன்றைக்கு அட்வான்ஸில் கழிக்கப் பார்த்தால் நீ வாய்ச்சண்டை போட வேண்டியிருக்காது. நாங்கள் படம் எடுக்கவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த ஒரு கறைக்குப் பணம் கட்டினோம். அப்பாவுக்கு அதில் இன்னும் கோபம், பேச்சை எடுக்காதே.

மாற்றுச் சாவி ஒன்றை ஆபீஸ் மேஜையில் வை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பேட்டரி மாற்றினாயா என்று கேட்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்தக் கடிகாரம் இன்னும் அப்பாவின் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஊர் திரும்பிய அன்றைக்கே சரியான நேரம் காட்ட ஆரம்பித்துவிட்டது. அப்பா மட்டும் இன்னும் அதை நம்புவதில்லை, கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.