ஒரு காயும் பறிக்காதவர்களுக்கு

பெரம்பூர்,
பங்குனி 2024

எங்கள் தெருக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடித் தோட்டத்தில் இப்போது நூற்றுப்பத்துப் பைகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுகிற ஒன்பது குடும்பமும் சனிக்கிழமை சாயங்காலம் கூடையோடு மேலே போய், அவரவருக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்கிறோம். உழைக்கிறோம், சாப்பிடுகிறோம், எங்களுக்குள் நன்றி சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தத் தோட்டத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, அங்கே ஒரு காய்கூடப் பறிக்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது தொடங்கியது இது. தெருவில் காய் வண்டி நின்றுபோயிருந்தது. ஆறே ஆறு பைகளில் கீரை விதையைத் தூவினோம். மூன்றாவது வாரம் சிறுகீரையை நுனி நுனியாகக் கிள்ளிக்கொண்டிருந்த என்னைத் தடுத்தவர், தெருமுனையில் கூடை வைத்திருக்கும் கீரைக்கார அம்மா. "அத கிள்ளாத கண்ணு, வேரோட புடுங்கு. அரைக்கீரதான் கிள்ளக் கிள்ளத் துளுக்கும்." நாங்களே கீரை விளைத்தால் அவருக்கு ஒரு கட்டு விற்பனை குறையும். அது தெரிந்தும் அடுத்த நாள் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இலையை உருவிவிட்டு எப்படிச் சாய்த்து நட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். இன்று மாடியில் இருக்கும் பொன்னாங்கண்ணி மொத்தமும் அந்த நாலு தண்டின் வம்சம். அம்மா, உங்களுக்குத்தான் முதல் கும்பிடு.

டீக்கடை மாஸ்டர் அண்ணனுக்கு நன்றி. பாலும் சர்க்கரையும் படாத வெறும் டிகாஷன் சக்கையைத் தனி வாளியில் எடுத்து வைப்பார். சர்க்கரை கலந்தால் எறும்பு மொய்க்கும் என்று ஒரே ஒரு முறை சொன்னேன். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் மறக்கவில்லை. எங்கள் மக்குத்தொட்டிக்கு பாதித் தீனி அதுதான். அக்னி நட்சத்திரத்தில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு குழாய் போட்டு எங்கள் டிரம்முக்குத் திருப்பிவிட்ட பக்கத்துக் கட்டட அக்காவுக்கும் நன்றி. உப்பில்லாத தண்ணீர் அது. போர் தண்ணீரில் நுனி கருகிக்கொண்டிருந்த மிளகாய்ச் செடிகள் அதற்கப்புறம்தான் தேறின.

விதை கொடுத்த திருவண்ணாமலை விவசாயி ஐயாவைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். விதைத் திருவிழா ஒன்றில் அவரிடம் சிறகவரை விதை கேட்டபோது காசு வாங்க மறுத்துவிட்டார். "பாரம்பரிய நெல்லக் காப்பாத்தின நெல் ஜெயராமன், ரெண்டு கிலோ விதை குடுத்து நாலு கிலோவா திருப்பிக் கேட்டாரில்ல, அதே கணக்குதான்" என்று பத்து விதையைக் கையில் வைத்து மூடினார். ஆடியில் போட்டோம். கொடி பந்தலை மூடியது, பூ மட்டும் வரவில்லை. புரட்டாசியில் சிலர் வெட்டிவிடலாம் என்றே சொல்லிவிட்டார்கள். போன் செய்தேன். "பகல் குறுகினாத்தான் அது பூக்கும். ஐப்பசி வரைக்கும் கை வைக்காதீங்க" என்றார். ஐப்பசி கடைசியில் ஒரு காலை, பந்தல் முழுக்க ஊதா நீலத்தில் பூ. கீழே இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன்.

பிஞ்சு பிடித்த நேரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையைச் சென்னையில் யார் மறப்பார்கள்? பந்தல் சாய்ந்தது, பைகள் உருண்டன. அதைவிட மோசம், பைகளிலிருந்து கரைந்த தென்னை நார்க்கழிவு மிதந்துபோய் மழைநீர்க் குழாயை அடைத்துவிட்டது. அந்தத் தண்ணீர் இறங்கியது மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் சார் வீட்டுக் கூரையில். தவறு எங்களுடையது. குழாய் வாய்க்கு ஒரு கம்பி வலை போட வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ராத்திரி கரண்ட் இல்லை. டார்ச்சோடு மேலே ஓடினால், எங்களுக்கு முன்னால் சார் முழங்கால் தண்ணீரில் குனிந்து உட்கார்ந்து, குழாய்க்குள் தோள்வரை கையை விட்டு நாரைப் பிடி பிடியாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது அவருக்கு. "சார், விடுங்க" என்றோம். "பந்தலப் பாருங்கப்பா, கொடி ஒடிஞ்சிடப் போவுது" என்றார்.

வாரம் கழித்துக் கூடிய கூட்டத்தில் தோட்டத்தை எடுத்துவிடச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தோம். அவர் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஈரம் காயவில்லை. சொல்ல அவருக்கு முழு நியாயம் இருந்தது. அவரோ ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார்: பைகளைத் தரையிலிருந்து தூக்கி வைக்க இரும்புத் தாங்கி, குழாய் வாய்க்கு வலை, நீர்க்கசிவுப் பூச்சு. பூச்சுச் செலவை ஒன்பது குடும்பமும் போட்டோம். அவர் அறைக்கு வெள்ளையடிக்கக் கொடுத்த பணத்தை மட்டும் வாங்கவே இல்லை. சார், அந்தக் கடன் அப்படியே இருக்கிறது.

அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. கீரையும் தக்காளியும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் ஏன் ஒரு நாளும் கூடை எடுத்து வரவில்லை என்பது எங்களுக்குப் போன மாதம்தான், அவர் மனைவி சொல்லித் தெரிந்தது.

நிமிர்த்திக் கட்டிய சிறகவரை மாசி வரை காய்த்தது. முற்றவிட்டு உலர்த்திய நெற்றிலிருந்து இருபது விதையை எண்ணித் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிட்டோம். மீதி விதை டீக்கடை மாஸ்டரிடம் டப்பாவில் இருக்கிறது; ஆடிக்குள் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

சார், மார்கழிக் கடைசியில் போட்ட சுரைக்கொடியில் நாலு காய் தொங்குகிறது. சுரைக்காய் உங்களுக்கு ஆகும் என்று உங்கள் வீட்டு அம்மா டாக்டரிடம் கேட்டுச் சொன்னார்கள். அந்த நாலிலும் யாரும் கை வைக்கவில்லை. சனிக்கிழமை கூடையோடு மேலே வாங்க.

அன்புடன்,
மொட்டைமாடித் தோட்டத்து ஒன்பது குடும்பங்கள் சார்பில்,
நாலாவது மாடியிலிருந்து