3 மணி நேரப் பாட்டுக்குப் பின்னால்

ஆசிரியருக்கு,

பள்ளி நடன விழாக்களுக்கு டிஜே வேலை செய்பவன் நான். “பாட்டு ஓடுவது 3 மணி நேரம்தானே, அதற்கா இவ்வளவு கட்டணம்?” என்று கேட்காத விழாக் குழு அரிது. ஸ்பீக்கர்களை ஏற்றி இறக்கிப் பொருத்த 2 மணி நேரம், கழற்றிக் கட்ட 1 மணி நேரம். முந்தைய இரவுகளில் மாணவர்கள் தந்த பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாடலின் வரிகளையும் கேட்டு, ஆபாசச் சொல் உள்ளவற்றை நீக்குகிறேன். கல்யாண வீட்டில் யாரும் இதைக் கேட்பதில்லை; பள்ளியில் ஒரு சொல் தவறினால் தலைமையாசிரியர் அறையில் நிற்க வேண்டும்!

ஆம்ப்ளிஃபயர் (ஒலியைப் பெருக்கும் கருவி) எத்தனை வாட் திறன் என்று கணக்குப் பார்த்துப் பேரம் பேசுவோரும் உண்டு. அந்தத் திறனை இரட்டிப்பாக்கினாலும் ஒலியின் அளவு கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவே. வாட் கணக்கு வேண்டாம்; அரங்கின் அளவையும் நேரத்தையும் சொன்னால் போதும்.

தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் விற்பனையோடு என் கூலியை முடிச்சுப் போடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். 50 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் நான் சுமக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளின் எடை ஒன்றுதான். பள்ளிக்கென்று கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பணம் இல்லாமல் இனி தேதி ஒதுக்குவதாக இல்லை.

இப்படிக்கு,
ஒரு டிஜே