நாட்டுக் கெளுத்திக்குக் கரையோரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையடிவார ஏரிகளைத் தூர்வார வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவதை வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊர் ஏரியில் அந்தப் பணி நடந்த விதத்தை நேரில் பார்த்தவன் என்ற முறையில், வேதனையுடன் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையோரக் கோரையையும் சம்புப் புல்லையும் பொக்லைன் இயந்திரத்தால் வேரோடு வழித்தெடுத்து, விளிம்பைச் செங்குத்தாக வெட்டிக் கருங்கல் பதித்துவிட்டார்கள். அதனால் நாட்டுக் கெளுத்தி முட்டையிட இடமில்லாமல் போய்விட்டது.

இந்தச் சிறிய மீன் மழை தொடங்கிப் புதுவெள்ளம் வரும்போது, முழங்கால் அளவுத் தண்ணீருள்ள செடி நிறைந்த ஓரங்களையே தேடி வரும். அதன் முட்டைகள் ஒட்டும் தன்மை கொண்டவை; பற்றிக்கொள்ள அவற்றுக்குத் தண்டும் வேரும் வேண்டும். நடு ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது இதற்கு ஈடாகாது.

சென்ற மழையின்போது ஓடையில் தேங்கிய குட்டையொன்றில் விரல் நீளக் கெளுத்தி ஒன்றைக் கண்டேன். செதிலற்ற உடலின் இருபுறமும் நீளவாக்கில் கருங்கோடுகள், செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, வாயைச் சுற்றி நான்கு இணை மீசை. கையில் எடுத்ததும் பக்கத் துடுப்பின் முள்ளை விறைத்துக்கொண்டு 'கிர்' என்று ஒலி எழுப்பியது. சிறுவயதில் அந்த முள் குத்தி, கை வீங்கி, இரவெல்லாம் அழுதிருக்கிறேன். ஆயினும் அதை மீண்டும் கண்டதில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. இது நம் மண்ணின் மீன். பெர்லின் நகர மருத்துவர் பிளாக் 1794இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியதே தரங்கம்பாடி மீனைக் கொண்டுதான்.

மீன்பாசி குத்தகைக்கு விடும்போதும் கவனம் தேவை. மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏரிக்குள் புகுந்தால், சிறு மீன்களை விழுங்கியே பெருகும். அதை விடக்கூடாது என்ற நிபந்தனை குத்தகைப் பத்திரத்திலேயே இடம்பெற வேண்டும்.

எங்கள் ஏரியின் வடக்கே, மலைத்தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால் முகப்பில், ஒரு துண்டுக் கோரை இன்னும் எஞ்சியிருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதையும் வழித்துவிட வேண்டாம் என்றும், அந்த வாய்க்காலுக்குச் சிமென்ட் தளம் போட வேண்டாம் என்றும் பொறுப்பில் உள்ளவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்.