அப்பாவுக்காக ஓடி வந்த எல்லாருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஒவ்வொருவரையும் அழைத்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் அம்மா நினைத்தார். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் கால்பந்து கற்ற பையன்கள், "நான் கோச்சோட பையன் ஆண்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வீட்டுக்கே வந்து அப்பாவைக் கவனித்துக்கொண்ட அந்திமகாலப் பராமரிப்புத் தாதிக்கு. கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. மருத்துவமனை வேண்டாம், ஈசூன் வீட்டில்தான் இருப்பேன் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னார். மார்ஃபின் மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எப்படி அளப்பது, கொடுத்த நேரத்தை எப்படிக் குறித்து வைப்பது என்று அந்தத் தாதிதான் அம்மாவுக்கும் எனக்கும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். வலி வந்த பிறகு கொடுக்காதீர்கள், வருவதற்கு முன்பே கொடுங்கள் என்று அவர் சொன்னதால்தான் அப்பாவால் கடைசி வாரத்திலும் பேரனோடு பேச முடிந்தது.

விடியற்காலையில் வந்து மரணத்தை உறுதிசெய்த மருத்துவருக்கும் நன்றி. இறப்பைப் பதிவு செய்ய எங்கே போய் வரிசையில் நிற்பது என்று தம்பி கேட்டபோது, எங்கும் போக வேண்டாம் என்றார். 2022 மே மாதக் கடைசியிலிருந்து மருத்துவர் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறதாம். சான்றிதழை அரசாங்கத்தின் 'மை லெகசி' இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொண்டால் போதும். இதைப் படிக்கும் யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அப்புறம் எங்கள் அடுக்குமாடி புளோக்காரர்கள். அன்று சனிக்கிழமை. பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம், எங்கள் கீழ்த்தளத்தில் அப்பா. கொம்பாங் மேளக்காரர்கள் எங்கள் பக்கம் வரும்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு நடந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சற்று நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார். மூன்றாம் மாடி மக்சிக் (மலாய் ஆண்ட்டி), நாங்கள் சைவம்தான் சாப்பிடுவோம் என்று யாரிடமோ விசாரித்து, மறுநாள் தனிப் பாத்திரத்தில் சமைத்து அனுப்பினார். நகர மன்ற அனுமதி, கூடாரம், மின்விசிறிகள் என்று எல்லாவற்றையும் எதிர்வீட்டுச் சீன அங்கிளே பார்த்துக்கொண்டார். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் சாவு வீட்டில் என்ன வேண்டும் என்று சொல்லும் நிலையில் யாரும் இருப்பதில்லை. கேட்காமலே செய்த உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அப்பாவின் கதை சிலருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பிறந்தது 1962இல், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளக் குடியிருப்பில். தாத்தா அங்கே கப்பல்துறைத் தொழிலாளி. பிரிட்டிஷார் 1971இல் கிளம்பிப் போனார்கள். அப்பாவுக்கு அங்கே மிஞ்சியது பந்து விளையாட்டுதான். பிறகு அதே செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் குளிர்சாதன மெக்கானிக் வேலை. 1994இல் ஒரு பழைய வேனை வாங்கி ஏர்கான் சர்வீஸ் கம்பெனி தொடங்கினார். அந்த டிசம்பரில்தான் சிங்கப்பூர், ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று தோற்கடித்து மலேசியக் கிண்ணக் கால்பந்துப் போட்டியை வென்றது. அணித்தலைவர் ஃபண்டி அகமது கிண்ணத்தைத் தூக்குவதைப் பார்க்க அப்பா பஸ் ஏறிவிட்டார், கம்பெனிக்கு வந்த முதல் பெரிய வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு! முப்பது வருஷமாகியும் அம்மா இதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி இல்லை.

பையன்களுக்கான சனிக்கிழமைக் கால்பந்துப் பயிற்சியைத் தொடங்கியது அதற்குச் சில வருஷம் கழித்து. காசு வாங்கவில்லை. ஆனால் விதிகள் கடுமை. துணைப்பாட வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுத் திடலுக்கு வந்தவனுக்குப் பந்து கிடையாது, ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். பூட்ஸ் இல்லாதவனுக்கு எல்லார் முன்னாலும் கொடுக்க மாட்டார். "இது என் மகனுக்குச் சின்னதாகிவிட்டது, உனக்குச் சரியாக இருக்கிறதா பார்" என்பார். அவற்றில் பல புத்தம் புதியவை. தம்பிக்கு ஒரே நேரத்தில் எத்தனை அளவுக் கால்கள் இருந்தன என்று அந்தப் பையன்கள் யாரும் கேட்டதில்லை.

படிப்பில் மனம் ஒட்டாத சிலரைத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் குளிர்சாதனப் பாடத்தில் சேரச் சொன்னார். அவர்களில் மூன்று பேர் இப்போது கம்பெனியின் தூண்கள். அப்பா படுத்திருந்த மாதங்களில் ஒரு வாடிக்கையாளரைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். கணக்கு வழக்கைக் கொண்டுவந்து அம்மா முன் வைத்தபோது, எல்லாம் நேராக இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்யும் அண்ணன்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாட்டால் தங்குவிடுதிகளை விட்டு யாரும் வெளியே வர முடியாதபோது, அப்பா சம்பளத்தை நிறுத்தவில்லை. ஊறுகாயும் டாப்-அப்பும் அனுப்பினார், தினமும் இரவு அழைத்துப் பேசினார். அதையெல்லாம் நாங்கள் மறந்தே போயிருந்தோம். மண்டாய் தகனச்சாலையில் தம்பியோடு சேர்ந்து தோள் கொடுத்தபோது அவர்களில் ஒருவர்தான் சொல்லி அழுதார். செமாக்காவ் தீவுக்குத் தெற்கே அஸ்தியைக் கடலில் கரைக்கப் போனபோதும், விடுப்பு நாளை விட்டுக்கொடுத்து எங்களோடு படகில் வந்தார்கள்.

'தமிழ் முரசு' அறிவிப்பைப் பார்த்து மலேசியாவிலிருந்து வந்த கப்பல் பட்டறைக் காலத்து நண்பர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், பூக்காரருக்கும் எங்கள் நன்றி.

கையில் கொடுத்துவிட்டுப் போன அன்பளிப்புப் பணத்தை அம்மா தொடவில்லை. திடல் கட்டணத்துக்கும் பூட்ஸுக்கும் போகட்டும் என்று ஒதுக்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பயிற்சி வழக்கம்போல நடக்கும். அப்பாவிடம் கற்ற இருவர், பயிற்றுவிப்பாளர் பதிவு பெற்றவர்கள், பொறுப்பேற்றிருக்கிறார்கள். விதிகள் மாறவில்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பாவிடம் எட்டடி அலுமினிய ஏணியை இரவல் வாங்கிப் போனவர் யார் என்று கம்பெனியில் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுத்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. வேலைக்குத் தேவைப்படுகிறது, தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மகள், குடும்பத்தார் சார்பில்
ஈசூன், சிங்கப்பூர்