கூடைப்பந்துக் கழகத்தின் 2024-25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஐந்து முறை கூடியது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. குன்னூர் போய் விளையாடித் தோற்றோம், மேட்டுப்பாளையத்துக்காரர்கள் கோத்தகிரிக்கு வந்தபோது ஜெயித்தோம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ரிங் இரண்டுக்கும் புது வலை போட்டாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வழக்கம்போல மழை, கோர்ட் முழுக்கப் பாசி. ஜனவரியில் அந்தப் பனியில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தவர்கள் நான்கு பேர். கழகத்தில் இருப்பவர்கள் முப்பத்தெட்டு பேர்.

இனி சீசன் பலகை. செயற்குழுவில் இதைப் பற்றி இரண்டு முறை கேள்வி வந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் எங்கேயோ இருக்கும் டீமின் கதையை நம் ஷெட்டில் எதற்கு எழுத வேண்டும், அதற்குக் கழகக் காசில் பிளைவுட்டும் பெயிண்டும் எதற்கு என்று கேட்டார்கள். பிளைவுட்டுக்கு நான் பணம் கொடுத்தேன். பெயிண்டும் சாக்பீஸும் மட்டும்தான் கழகக் கணக்கு. எதற்கு என்பதற்குப் பதில் இது.

நம் பிள்ளைகள் போனில் பார்ப்பது எல்லாம் அரை நிமிடத் துண்டுகள்தான், டங்க், மூன்று புள்ளி ஷாட், கோப்பையைத் தூக்கும் காட்சி. தோற்ற ஆண்டில் ஒரு டீம் என்ன செய்தது என்று அதில் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் உட்காரவைத்து, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் சீசன்களை 1967-லிருந்து ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, யார் வந்தார், யார் போனார் என்று எழுதினோம். மொத்தம் 58 சீசன். சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் எல்லாம் இருக்க ஏன் இந்த டீம் என்றால், அந்த ஊர்கள் அளவுக்குப் பெரிய சந்தை இதற்குக் கிடையாது. பெரிய தொழில்முறை லீக்குகளில் அந்த ஊருக்கு என்று இருப்பது இந்த ஒரு டீம்தான்.

முதலில் அது அந்த ஊர் டீமே இல்லை. டல்லாஸில் சாப்பரல்ஸ் என்ற பெயரில் அப்போதிருந்த ஏபிஏ என்ற கூடைப்பந்து லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது, பார்க்கக் கூட்டம் வரவில்லை. 1973-ல் சான் அன்டோனியோ வியாபாரிகள் 36 பேர் சேர்ந்து டீமைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு அப்புறம் கிரயம் செய்துகொள்வோமே, அதே மாதிரி டீமைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 1976-ல் ஏபிஏ முடிவுக்கு வந்தபோது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குள் போக நான்கு அணிகளுக்குத்தான் இடம் கிடைத்தது. ஸ்பர்ஸ் அதில் ஒன்று. நுழைவுக் கட்டணம் அணிக்கு 32 லட்சம் டாலர், அதற்கு மேல் முதல் சில ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கும் கிடையாது. கட்டினார்கள். நம் ஆண்டுச் சந்தா 600 ரூபாய். இந்த ஆண்டு கட்டியவர்கள் 17 பேர்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது 1977-78. அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்பது சீசனின் கடைசி நாள்வரை முடிவாகவில்லை. டென்வரின் டேவிட் தாம்ப்சன் அன்று பகலில் 73 புள்ளி எடுத்துவிட்டார். நம் ஸ்பர்ஸ் ஆள் ஜார்ஜ் கெர்வின் அவரைத் தாண்ட 58 தேவை, இரவு 63 எடுத்தார். மேட்சுக்குச் சராசரி கெர்வினுக்கு 27.22, தாம்ப்சனுக்கு 27.15. ஒவ்வொரு மேட்சிலும் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு புள்ளி விடாமல் எழுதியிருந்ததால்தான் இதைத் தீர்மானிக்கவே முடிந்தது. நம் கடைசி மூன்று மேட்சுக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை.

அப்புறம் 1996-97. முந்தைய சீசனில் 59 மேட்ச் ஜெயித்த டீம், முக்கிய ஆட்டக்காரர் டேவிட் ராபின்சனால் முதுகு வலி, கால் எலும்பு முறிவு என்று 6 மேட்ச்தான் ஆட முடிந்தது, 20 வெற்றி, 62 தோல்வி. டிசம்பரில் பயிற்சியாளரை நீக்கிவிட்டு டீமின் பொது மேலாளர் கிரெக் பொப்போவிச் தானே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதைப் பலகையில் எழுதியபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "ராபின்சன் வரலைன்னா மத்தவங்க என்ன பண்ணாங்க அண்ணா?" என்று கேட்டான். 82 மேட்சையும் ஆடி முடித்தார்கள் என்றேன். அடுத்த ஆண்டு, புது ஆட்டக்காரர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான குலுக்கலில் முதல் இடம் விழுந்து டிம் டங்கன் வந்தார், 56 வெற்றி. 1999-ல் கோப்பை. பிறகு 2003, 2005, 2007, 2014. தொடர்ந்து 22 சீசன் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனார்கள்.

நாம் இந்த ஆண்டு இரண்டு மேட்சை ரத்து செய்தோம், ஐந்து பேர் சேரவில்லை என்பதற்காக. அடிபட்டு வராதது வேறு, இலை பறிக்கும் நாளில் வர முடியாததும் வேறு, எனக்கும் தோட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டுவிட்டு வராமல் இருப்பதைத்தான் சொல்கிறேன். வெளியூர் டீம் மலையேறி வந்து நிற்கும்போது நாம் நான்கு பேராக நின்றால் எனக்கு அது பெரிய அவமானமாக இருக்கிறது.

2013-ஐயும் சொல்லிவிடுகிறேன். இறுதிப் போட்டியின் ஆறாவது மேட்ச், 28 விநாடி மிச்சம், 5 புள்ளி முன்னிலை, அந்த மேட்ச் ஜெயித்தால் கோப்பை. மயாமியின் ரே ஆலன் மூலையிலிருந்து போட்ட ஷாட்டில் ஸ்கோர் சமமானது, அந்த மேட்சும் ஏழாவதும் போயின. அடுத்த ஆண்டு ஏறக்குறைய அதே ஆட்கள், அதே மயாமியோடு, 4-1. இதைப் பலகையில் எழுதிய அன்று பிள்ளைகள் யாரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை, பத்து நிமிடம் அரை மணி நேரமானது.

2022-23, 2023-24 இரண்டிலும் 22 வெற்றி, 60 தோல்வி என்று எழுதினோம். பிரான்சிலிருந்து வெம்பன்யாமா என்ற உயரமான இளம் ஆட்டக்காரர் வந்தும் முதல் சீசனில் அதே 22. இந்த ஆண்டு 34. அதையும் அதே அளவு எழுத்தில்தான் எழுதினோம், கோப்பை ஆண்டுக்குப் பெரிய எழுத்து போடவில்லை.

பலகை முடிந்த அன்று ஒரு சிறுமி, "நம்ம டீமுக்கு இந்த மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். பீரோவைத் திறந்து மினிட்ஸ் புத்தகம், பழைய ஸ்கோர் புத்தகம் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கோப்பை வாங்கிய ஆண்டுகள் ஃபோட்டோவோடு இருக்கின்றன. தோற்ற ஆண்டுகள் இல்லை, யார் ஆடினார்கள் என்றுகூட இல்லை. நான் ஆடிய நான்கு ஆண்டுகளும் காணோம். பத்தொன்பது வயதில் தினமும் விடியற்காலை ஆறு மணிக்கு அந்த மூடுபனியில் ரிங்கே தெரியாமல் பந்து போட்டுக்கொண்டிருந்தோம், கூட ஆடியவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை, அவர்கள் இந்தக் கழகத்துக்கு ஆடினார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. இதற்குப் பிறகும் பலகை எதற்கு என்று கேட்டால் எனக்கு வேறு பதில் இல்லை.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக இருக்கிறது. கையிருப்பு சொல்லும்படி இல்லை, விவரம் பொருளாளரிடம் உண்டு. ஷெட்டுக்கு மின்சாரம் தரும் பக்கத்து வீட்டுக்காரர், மேட்ச் நாளில் டீக்கும் பெஞ்சுக்கும் காசு வாங்காத கடைக்காரர், முகாமுக்கு வந்து சொல்லிக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியர், செயற்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஆறாவது ஆண்டு. யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் ஷெட் சாவியை இன்றே கொடுக்கிறேன், வரவில்லை என்றால் இன்னொரு ஆண்டு பார்க்கிறேன். பலகையின் பின்பக்கத்துக்குக் கறுப்பு அடித்து, கழகம் தொடங்கிய ஆண்டிலிருந்து வரிசையாக ஆண்டுகளை எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. மூத்த அண்ணன்மார் வீட்டுப் பரணில் ஸ்கோர் புத்தகமோ ஃபோட்டோவோ இருந்தால் கொண்டுவாருங்கள், எதுவும் இல்லையென்றால் வந்து வாயால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணி முதல் ஒன்பது வரை ஷெட்டில்தான் இருப்பேன். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.