செயலாளர் ஆண்டறிக்கை: எலிசபெத் யேட்ஸின் கைஅச்சு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அச்சுக்கலையில் ஈடுபாடுள்ள உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்களுக்கு நாம் எடுத்துக்கொண்டவர் அயர்லாந்தின் எலிசபெத் கார்பெட் யேட்ஸ் (1868–1940). கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் தங்கை என்று ஒரே வரியில் இவரை முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தூரிகை ஓவியம் கற்பிக்க 1890களிலேயே பாடநூல் எழுதியவர் இவர். ஈவ்லின் கிளீசன் டப்ளினை அடுத்த டன்ட்ரமில் தொடங்கிய டன் எமர் தொழிற்கூடத்தில் 1902-இல் சேர்ந்து அச்சுப் பிரிவை ஏற்றார். அதற்கு முன் லண்டனில் பெற்ற அச்சுப் பயிற்சி மிகக் குறுகியது. ஆங்கிலேய அச்சுக்கலைஞர் எமரி வாக்கர் ஆலோசனை சொன்னார்.

பழைய ஆல்பியன் கைஅச்சு ஒன்று, 14 பாயிண்ட் அளவில் காஸ்லான் என்ற எழுத்துரு, சாகார்ட் ஆலையின் கந்தல்துணிக் காகிதம். மூலதனம் இவ்வளவுதான். 1903-இல் வந்த முதல் நூல், அண்ணனின் 'இன் தி செவன் வுட்ஸ்', 325 படிகள். கடைசிவரை காஸ்லானைவிட்டு அவர் நகரவில்லை. பக்கங்களின் அமைதிக்கு அதுவே முதல் காரணம் என்பது என் கருத்து.

செயல்முறைக் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்தது காகிதம் நனைத்தல். கந்தல்துணிக் காகிதம் விறைப்பானது; உலர்ந்தபடி அச்சிட்டால் மை மேலாகவே நிற்கும், அழுத்தம் கூட்டினால் ஈய எழுத்து தேயும். நனைத்த தாள்களுக்கிடையே உலர் தாள்களை அடுக்கி, மேலே பாரம் வைத்து, ஓரிரவு விட வேண்டும். ஈரம் மிஞ்சினால் எழுத்தின் ஓரம் கசியும். முதல் பக்கம் அடித்த தாள் காய்ந்து சுருங்கிவிட்டால் பின்பக்க வரி முன்பக்க வரியோடு பொருந்தாது. ஈரம் போகுமுன் இரு பக்கமும் முடிக்க வேண்டும். ரோலரில் மை கூடினால் 'e', 'a' போன்ற எழுத்துகளின் உட்கண் அடைபடும். சிவப்பு மை சேரும் பக்கம் என்றால் இரண்டு முறை அழுத்தம், அதாவது பொருத்தம் தவற இரண்டு வாய்ப்பு.

1908-இல் எலிசபெத்தும் அவர் அக்கா லிலியும் டன் எமரிலிருந்து பிரிந்துவந்து கூலா அச்சகத்தைத் தொடங்கினர். தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகம் ஆங்கிலத்தில் 1914-இல் இங்கேதான் நூலானது. 1908 முதல் 1915 வரை 'ஏ பிராட்சைடு' மாத இதழ், மொத்தம் 84. தம்பி ஜாக் யேட்ஸின் படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். எதை அச்சிடுவது என்பதில் கவிஞரோடு 1906-இல் மூண்ட சச்சரவும் கூட்டத்தில் நெடுநேரம் பேசப்பட்டது. நூல்களைத் தேர்ந்ததில் கவிஞரின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. அச்சகத்தை அன்றாடம் ஓட்டிய பொறுப்பு எலிசபெத்துடையது. நூல் விற்பனை மட்டும் போதாமல் வாழ்த்து அட்டை, வண்ணப்படம் என்று அச்சிட்டுத்தான் அச்சகத்தை நடத்தினார். அவருக்குப் பின்னும் கவிஞரின் மனைவி ஜார்ஜ் 1946 வரை நூல் வெளியிட்டார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது, டப்ளினில் 1951-இல் டோல்மன் அச்சகத்தைத் தொடங்கிய லியம் மில்லர். கூலாவின் வரலாற்றை எழுதியவரும் அவரே. வீட்டில் பழைய எழுத்துக் கேஸ் (ஈய எழுத்துப் பெட்டி), ஸ்டிக் (எழுத்துக் கோக்கும் கைச்சட்டம்) வைத்திருப்பவர்கள் முதல் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்